பட்டினமும் பாலையும்: விமான நிலைய மேலாண்மை விளையாட்டுகள் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கணினி விளையாட்டு ஒன்றைத் தமிழாய்வு இதழில் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். திரைப்படப் பாடலும் வானொலி நாடகமும் ஒரு காலத்தில் இவ்வியப்பைக் கடந்தே ஆய்வுப் பொருளாயின என்பதை மட்டும் நினைவூட்டி, நேரே பொருளுக்குள் செல்கின்றேன்.

கேமரன் மலையின் வடபகுதியில், சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் சாலையில் அமைந்துள்ள ஊர் கம்போங் ராஜா. ஒருபுறம் தேயிலை, மறுபுறம் காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகள். அங்குள்ள உறவினர் இல்லத்தில் ஒரு பள்ளி விடுமுறையின்போது சில நாள் தங்கியிருந்தேன். மாலையில் பனி இறங்கியபின் வெளியே செல்ல இயலாத நேரங்களில், அவ்வீட்டுப் படிவம் மூன்று மாணவர் மடிக்கணினியில் ஒரு விமான நிலையத்தைக் கட்டி நடத்திக்கொண்டிருந்தார். விளையாட்டின் பெயர் 'ஏர்போர்ட் சி.இ.ஓ.'. ஓடுபாதை, முனையம், சோதனைக்கூடம், பயணப்பெட்டிகள் செல்லும் பட்டை, உணவுக்கடை எனத் திரை முழுவதும் சுறுசுறுப்பு. நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "வழியனுப்ப வந்தவர்கள் எங்கே?" என்று கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமலே, "அப்படி யாரும் வரமாட்டாங்க மாமா. வந்தாலும் கூட்டந்தான் சேரும், வருமானம் இல்ல" என்றார்.

அவ்விடை என்னைச் சிந்திக்க வைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அம்மாணவரின் அண்ணன் வேலை தேடி வெளிநாடு சென்றபோது, குடும்பமே வேன் அமர்த்திக்கொண்டு கம்போங் ராஜாவிலிருந்து சிப்பாங் வரை வந்தது. பயணம் செய்தவர் ஒருவர், வழியனுப்பியவர் பதினொருவர். இம்மாணவரும் அப்பதினொருவருள் ஒருவர். தாம் நேரில் கண்ட விமான நிலையத்திற்கும் தாம் திரையில் கட்டிய விமான நிலையத்திற்கும் இடையே உள்ள இவ்வேறுபாடு அவருக்கு உறுத்தவில்லை. ஏன் உறுத்தவில்லை என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

மேலிருந்து நோக்கும் கண்

மேலாண்மை விளையாட்டுகளின் வரலாற்றில் 1989ஆம் ஆண்டு வில் ரைட் வெளியிட்ட 'சிம் சிட்டி' ஒரு திருப்புமுனையாகும். அதன் தோற்றம் பற்றிய செய்தி நோக்கத்தக்கது. ரைட் 1984இல் 'ரெய்ட் ஆன் பங்கலிங் பே' என்னும் விளையாட்டை உருவாக்கினார். அது ஹெலிகாப்டரில் பறந்து தீவுகளிலுள்ள ஆலைகளைத் தகர்க்கும் விளையாட்டு. தகர்ப்பதைவிட, அத்தீவுகளை வரைவதற்குத் தாம் செய்துவைத்த கருவியில் சாலையும் கட்டடமும் இடுவதே தமக்கு இன்பமளித்தது என்று அவர் பின்னர்க் கூறினார். அவ்வின்பத்திலிருந்து எழுந்ததே 'சிம் சிட்டி'. நகர் இயங்கும் முறைக்கு, ஜே ஃபாரஸ்டர் 1969இல் எழுதிய நகர இயக்கவியல் நூலின் கருத்துகள் அவருக்குத் துணைநின்றன. ஆகவே, குண்டு வீசுபவன் வானிலிருந்து நோக்கிய அதே கோணத்தில்தான் கட்டுபவனும் நோக்குகின்றான். தொழில் மாறியது, கண் இருந்த இடம் மாறவில்லை.

இம்மரபில் விமான நிலையத்தைத் தனிப்பொருளாகக் கொண்டவை பல. 2000ஆம் ஆண்டில் 'ஏர்போர்ட் டைக்கூன்' வெளிவந்தது. அண்மைக் காலத்தில் குறிப்பிடத்தக்கவை இரண்டு. 'சிம் ஏர்போர்ட்' 2017இல் முன்னோட்டப் பதிப்பாக வந்து 2020இல் நிறைவுற்றது. சுவீடனைச் சேர்ந்த சிறு குழுவொன்று உருவாக்கிய 'ஏர்போர்ட் சி.இ.ஓ.' 2017இல் தொடங்கி 2021இல் முழுமை பெற்றது. இரண்டிலும் ஆடுபவர் முதலாளியின் இருக்கையில் அமர்கின்றார். வெற்று நிலத்தில் ஓடுபாதை இடுகின்றார், விமான நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்கின்றார், ஆள் எடுக்கின்றார், சம்பளம் கொடுக்கின்றார். காலத்தை நிறுத்தவும் விரைவுபடுத்தவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. பயணியின் கண்ணுக்குப் புலப்படாத உழைப்பை இவை காட்டும் அளவிற்கு வேறெந்த ஊடகமும் காட்டுவதில்லை. பெட்டியை ஒப்படைத்தபின் அது சுவருக்குப் பின்னால் என்னவாகின்றது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்? 'ஏர்போர்ட் சி.இ.ஓ.'வில் பெட்டிப் பட்டையைச் சரியாகப் பிணைப்பதற்கு நான் மூன்று இரவுகள் செலவிட்டேன் என்பதை வெட்கமின்றிக் குறிப்பிடுகின்றேன். ஒரு வளைவு தவறினால் பெட்டிகள் சேர வேண்டிய இடம் சேர்வதில்லை; விமானம் தாமதிக்கின்றது; மதிப்பெண் சரிகின்றது. 1998 ஜூன் மாத இறுதியில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் சிப்பாங்கில் செயல்படத் தொடங்கிய நாள்களில் கணினி அமைப்பும் பெட்டி கையாளும் அமைப்பும் தடுமாறியதை நாம் அறிவோம். பயணிகள் பெட்டிகளுக்காக நெடுநேரம் காத்துக்கிடந்தனர். அன்று எவரிடமும் காலத்தை நிறுத்தும் பொத்தான் இல்லை. நுண்ணிய இணைப்புகளின் கூட்டே பெருநிலையம் என்னும் உண்மையை இவ்விளையாட்டு விரல்நுனிக்குக் கற்பித்துவிடுகின்றது.

விளையாட்டின் விதிகளே ஒரு வாதத்தை முன்வைக்கின்றன என்பது அமெரிக்கத் திறனாய்வாளர் இயான் போகோஸ்ட் 2007இல் வெளியிட்ட நூலின் மையக்கருத்தாகும். சொல்லாலும் படத்தாலும் கூறாததை, 'இதைச் செய்தால் இது நிகழும்' என்னும் விதி கூறிவிடும் என்பார் அவர். அவரே 2006இல் விமான நிலையச் சோதனையைப் பகடி செய்யும் சிறு விளையாட்டொன்றை வெளியிட்டார். தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் அதில் நொடிக்கு நொடி மாறும், சோதிப்பவர் திணறுவார். விதியைக் கொண்டே விதியை எள்ளும் முறை அது. இக்கருத்து பயனுடையதே. ஆயினும், விதிகளுள் இடம்பெறாத ஒன்றை எவ்வாறு இனங்காண்பது என்பதற்கு அதனினும் கூரிய கருவி நம் மரபில் உண்டு என்பது என் துணிபு.

முதல், கரு, உரி

தொல்காப்பியம் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியன உரிப்பொருள். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது உரையாசிரியர் காட்டும் நெறி. நிலமும் மரமும் எவ்வளவு விரிவாகப் பாடப்பட்டாலும், உரிப்பொருள் இன்றேல் அப்பாடல் அகமாகாது.

இவ்வளவுகோலை விளையாட்டின்மேல் வைத்துப் பார்ப்போம். முதற்பொருள் உண்டு: கட்டங்களாகப் பகுக்கப்பட்ட நிலம், ஓடும் கடிகாரம். கருப்பொருளோ வியப்பூட்டும் அளவிற்கு உண்டு: எரிபொருள் வண்டி, பேருந்து, இருக்கை, கழிவறை, காவலர், துப்புரவாளர். உரிப்பொருள் யாது? பயணிக்குப் பசி உண்டு, தாகம் உண்டு, வரிசையில் நிற்கும் எரிச்சல் உண்டு. இவை தேவைகள். அவர் எவரைப் பிரிந்து செல்கின்றார், எவரிடம் திரும்பி வருகின்றார் என்பதற்கு விதி இல்லை. நான் ஆடிய அளவில், வாயிலில் நின்று கையசைக்கும் ஓர் உருவத்தையும் கண்டதில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். மேலாண்மை பற்றிய ஆக்கத்தில் பிரிவைத் தேடுவது, கணக்கேட்டில் கவிதை தேடுவதற்கு ஒப்பாகாதா? ஆகாது என்பதற்குப் பட்டினப்பாலையே சான்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலை ஒரு கோணத்தில் துறைமுக மேலாண்மை நூல் என்றே கூறலாம். காவிரிப்பூம்பட்டினத்தின் பண்டசாலை, அங்குச் சுங்கம் கொள்வோரின் அயராத உழைப்பு, அளவறியாது வந்து குவியும் மூட்டைகள், அவற்றின்மேல் இடப்படும் சோழரின் புலி முத்திரை, நீரிலிருந்து நிலத்திற்கும் நிலத்திலிருந்து நீருக்கும் மாறும் சரக்கு ஆகிய அனைத்தும் அங்குண்டு. கடல்வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, ஈழத்து உணவு என நீளும் பட்டியலில் காழகத்துப் பொருளும் இடம்பெறுகின்றது. காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் எனப் பொருள் கொண்டார் என்பதை மலேசிய மாணவர்க்கு நினைவூட்டத் தேவையில்லை. நம் கெடாவின் சரக்கும் அத்துறைமுகத்தில் முத்திரை பெற்றது என்று கொள்ள இடமுண்டு.

இத்துணை வளத்தையும் அடுக்கியபின் புலவர் என்ன செய்கின்றார்? பொருள்தேடப் பிரியலாமா என்று தயங்கும் தலைவன் தன் நெஞ்சிடம் பேசுகின்றான். இப்பட்டினத்தையே பெறுவதாயினும் இவளை விட்டு வரமாட்டேன் என்கின்றான். 301 அடிகளுள் பிரிவைப் பேசுபவை மிகச் சிலவே. ஆனால் அச்சில அடிகளே ஏனைய அடிகளின் எடையைத் தாங்குகின்றன. துறைமுகம் எவ்வளவு பெரிது என்று நாம் அறிவதெல்லாம் அவள் அதனினும் பெரியவள் என்று அறிவதற்காகவே. நூலின் பெயரிலும் இரண்டும் உள்ளன: பட்டினம், பாலை. விளையாட்டு பட்டினத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் கூறவில்லை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்க் ஓஷே 1992இல், விமான நிலையம் போன்றவற்றை 'இடமல்லாத இடம்' என்றார். உறவும் வரலாறும் படியாத, எவரும் தங்காது கடந்து செல்லும் வெளி என்பது அவர் கருத்து. மேலைநாட்டில் ஆய்வு மாணவனாக இருந்தபோது அந்நூல் எனக்குப் பெரிதும் பிடித்திருந்தது. இப்பொழுது அதில் பாதியே உண்மை எனத் தோன்றுகின்றது. தனக்கென நிலமில்லாத வெளியைத் தமிழ் மரபும் அறியும். ஆனால் உறவு மிகக் கூர்மையாக உணரப்படும் இடமாகவே அதைக் கண்டது. பதினொருவர் வேன் பிடித்து வந்து நின்ற புறப்பாட்டுக் கூடத்தை உறவற்ற வெளி என்று எவ்வாறு கூறுவது?

வெற்று நிலம் என்னும் புனைவு

விளையாட்டின் முதல் திரைக்குத் திரும்புவோம். பச்சை நிலம், மனிதர் எவருமில்லை. விரிவாக்கத்திற்கு மேலும் நிலம் வேண்டுமெனில் பணம் செலுத்தினால் போதும். இதைப் படைப்பாளரின் சூழ்ச்சி என்று நான் கருதவில்லை. தொடக்கத்தை எளிதாக்கும் உத்தி அது. எனினும், போகோஸ்ட் கூறுவதுபோல் விதி வாதமாகும் எனில், இதன் வாதம் தெளிவானது: விமான நிலையம் எழும் முன்னர் அங்கு எதுவும் இருந்ததில்லை.

ஏறத்தாழ 10,000 எக்டர் பரப்பு ஒதுக்கப்பட்ட சிப்பாங் விமான நிலையம் எழுந்தது பெரும்பாலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில். காட்டினுள் விமான நிலையம், விமான நிலையத்தினுள் காடு என்பது அதன் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் கனவு. தோட்டம் என்றால் நமக்கு மரம் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, பெரட்டுக் களம் ஆகியவையும் சேர்ந்ததே தோட்டம். அதே காலத்தில் அருகிலேயே புத்ராஜெயா எழுந்தபோது பிராங் புசார் முதலிய தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் டிங்கில் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்ததை இத்துறை மாணவர் அறிவர்.

பூர்வக்குடியினரின் நிலை இன்னும் கூர்மையானது. விமான நிலையத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக, டிங்கில் புக்கிட் தம்போயில் வாழ்ந்த தெமுவான் மக்கள் 1995இல் தங்கள் நிலத்திலிருந்து அகற்றப்பட்டனர். பயிருக்கும் மரத்திற்கும் வீட்டிற்கும் இழப்பீடு கிடைத்தது, நிலத்திற்குக் கிடைக்கவில்லை. சாகோங் தாசி வழக்கு என அறியப்படும் அவ்வழக்கில், நிலத்தின்மேல் அவர்களுக்கு உரிமையுண்டு, அதற்கும் இழப்பீடு தரவேண்டும் என 2002இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. மரத்தை எண்ணி மண்ணை எண்ணாத கணக்கு, விளையாட்டின் முதல் திரையில் நாம் காணும் கணக்கேயாகும்.

தமிழகத்தில் இது முடிந்த கதையன்று. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்திற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர் 2022 ஆகஸ்டில் தேர்ந்தெடுக்கப்பட்டது. பதின்மூன்று ஊர்களின் நிலம் அதற்குத் தேவைப்படுகின்றது. வயலும் ஏரியும் அதில் அடங்கும். ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து போராடியதோடு, கிராம சபையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினர். காஞ்சியைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடியவரும் அதே உருத்திரங்கண்ணனாரே என்பது தற்செயல். ஆயினும் மறக்க இயலவில்லை. அவர் பட்டினப்பாலையில் கரிகாலனின் ஆக்கத்தைப் பாடுமுன், அவன் அழித்த பகைவர் நிலத்தையும் பாடினார். வளமான மருதம் பாழானதும், விழா நடந்த மன்றங்கள் வெறிச்சோடியதும், அரண்மனையில் ஆந்தை அலறுவதும் அங்குண்டு. அதன்பின்னரே காடழித்து ஊராக்கியதும் குளம் அகழ்ந்ததும் வருகின்றன. அரசனைப் புகழவந்த புலவர் புகழின் விலையையும் ஏட்டில் எழுதிவைத்தார்.

விளையாட்டு ஊடகத்திற்கு இது இயலாது என்று முடிவுகட்டுவதும் தவறாகும். கிறிஸ் சாயர் 1994இல் உருவாக்கிய 'டிரான்ஸ்போர்ட் டைக்கூன்' இதற்குச் சான்று. அதில் நிலம் வெறுமையாக இல்லை. பெயருடைய ஊர்கள் முன்னரே உள்ளன. மரங்களை அழித்தால் ஊராட்சியின் பார்வையில் நம் மதிப்பு குறையும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விமான நிலையம் கட்ட ஊராட்சி இடந்தராது. ஆடுபவர் சிலர் ஊரைச் சுற்றி மரம் நட்டு மதிப்பை மீட்பர். கையூட்டுக் கொடுக்கவும் வழியுண்டு! எள்ளல் கலந்த, மிக எளிய விதிகள்தாம் இவை. ஆயினும் 'வேண்டாம்' என்று சொல்லும் ஒரு குரல் அவ்விளையாட்டில் இருந்தது. அதன்பின் வந்த விமான நிலைய விளையாட்டுகள் நுணுக்கத்தில் பல மடங்கு வளர்ந்தன. அக்குரலை மட்டும் விட்டுவிட்டன. வளர்ச்சி என்று நாம் அழைப்பதன் இயல்பே இதுதானோ என்னும் ஐயம் எழுகின்றது.

பங்களாவும் லயமும்

கம்போங் ராஜாவில் அமர்ந்து இவ்விளையாட்டைப் பார்ப்பதற்கு ஒரு தனிப்பொருள் உண்டு. தேயிலைத் தோட்டத்தின் அமைப்பே ஒரு மேலாண்மைத் திரை போன்றது. துரையின் பங்களா மேட்டில், லயம் பள்ளத்தில். மேலிருந்து நோக்கினால் மலைச்சரிவு முழுவதும் நிரைநிரையாகத் தெரியும். கொழுந்து பறிப்பவர் புள்ளிகளாகத் தெரிவர். விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணி, மாலையில் கொழுந்து நிறுத்து, கிராணியின் ஏட்டில் பதிந்த கணக்கே தோட்டத்தின் உயிர். மூன்று தலைமுறையாக அவ்வேட்டில் எண்ணாக இருந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை, இன்று ஆளெடுக்கும் பட்டியலைத் திறந்துவைத்து, சம்பளம் குறைவாகக் கேட்பவரைத் தேர்கின்றார்.

இது விடுதலையா, மறதியா? இரண்டும் என்றே கூறத் தோன்றுகின்றது. கட்டளையிடும் இருக்கையில் தம்மை அமர்த்திப் பார்க்கும் துணிவு அவருடைய பாட்டனார்க்கு வாய்க்கவில்லை. வரவுசெலவு, நெருக்கடி, திட்டமிடல் ஆகியவற்றை அவர் கற்றுக்கொள்ளும் வேகத்தைக் கண்டு நான் மகிழ்ந்தேன். அதே வேளையில், துப்புரவாளர் ஒருவர் சோர்ந்திருக்கின்றார் எனக் குறி காட்டியபோது, அவரை நீக்கிவிட்டு வேறொருவரை எடுத்தார். "ஓய்வறை கட்டலாமே" என்றேன். "கட்டலாம் மாமா. ஆனா இதுதான் மலிவு" என்றார். அச்சரிவுகளில் இன்று கொழுந்து பறிப்போருள் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களையும் யாரோ ஒரு விமான நிலைய வாயில்வரை வந்து வழியனுப்பியிருப்பர்.

தமிழாசிரியர்க்கு இங்குப் பணியுண்டு. மாணவர் ஆடும் விளையாட்டைக் கண்டிப்பது வீண். அதனைப் பனுவலாக வகுப்பறைக்குக் கொண்டுவருவது பயன்தரும். முதலாண்டு மாணவர்க்குப் பட்டினப்பாலை நடத்திய பருவத்தில் நான் ஒரு பயிற்சி கொடுத்தேன். 'ஏர்போர்ட் சி.இ.ஓ.' விளையாட்டில் வழியனுப்ப வருபவர் என்னும் ஒரு மாந்தரைச் சேர்ப்பதாயின் அவர்க்குரிய விதிகள் யாவை? எப்பொழுது வருவார், எங்கு நிற்பார், அவர் தேவை என்ன, எப்பொழுது வெளியேறுவார்? முதல் மூன்று வினாக்களுக்கு விடை எளிதாக வந்தது. இறுதி வினாவில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பயணி சோதனை வாயிலைக் கடந்ததும் வெளியேறுவார் என்றனர் சிலர். கண்ணாடிக்கு அப்பால் உருவம் மறையும்வரை என்றனர் வேறு சிலர். விமானம் மேலெழுந்தபின்னும் நிற்பவர் உண்டே, அவர்க்கு என்ன விதி எனக் கேட்டார் பின்வரிசை மாணவர் ஒருவர். வாகன நிறுத்தக் கட்டணம் மணிக்கு மணி ஏறுவதால் எப்படியும் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார் என எழுதியிருந்தார் ஒரு மாணவி. அதற்கும் முழு மதிப்பெண் வழங்கினேன்.